போ என்று சொல்லவில்லை

"என்னை எப்போ வெளியே அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

காலையிலிருந்து அது மூன்றாவது முறை.

மெய்யம்மை மலையடிவாரத்தில் சிறிய தியான மடம் ஒன்றை நடத்திவந்தார். தமயந்தி அங்கே சீடராகச் சேர்ந்து ஏழு மாதம். வயது முப்பத்தொன்பது. அதற்கு முன் இரண்டு வேலைகள், ஒரு கல்யாணம், ஒரே தங்கை. யாரும் தன்னை விட்டுப் போவதற்குள் தானே எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்திருந்தாள்.

"அனுப்பலை. கண் டாக்டரைப் பார்க்கணும். அஞ்சு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மெய்யம்மை கிளம்பினார்.

ஐந்து மணி ஆயிற்று. அவர் வரவில்லை.

ஐந்தரைக்குத் தமயந்தி வாசலுக்கும் அறைக்குமாக நடக்கத் தொடங்கினாள்.

ஆறு மணிக்கு, அவர் இனி வரவே மாட்டார் என்று நிச்சயமாகிவிட்டது. தன்னிடமிருந்து தப்பிக்கத்தான் கண்ணைச் சாக்காகச் சொல்லியிருக்கிறார். காலையில் தெய்வமாக இருந்தவர் இப்போது ஏமாற்றுக்காரி.

இருபது வருடமாக மெய்யம்மை எழுதிவந்த நோட்டுப் புத்தகங்கள் மேசைமேல் இருந்தன.

கிழித்தாள்.

கடைசித் தாள் தரையில் விழுந்தபோதுதான் தான் செய்தது உறைத்தது. துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

எதிரே மெய்யம்மை.

"பஸ் வழியில நின்னுடுச்சு" என்றவர், உள்ளே பார்த்தார். குனிந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"எனக்குக் கோபமா வருது."

"தெரியும். நான் போயிடறேன்."

"கோபம் வருதுன்னுதான் சொன்னேன். போன்னு சொல்லலை."

தமயந்திக்கு விளங்கவில்லை. அப்படி ஒன்றை யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

மறுவாரம் மெய்யம்மை அவளை டவுனில் இருந்த மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

"என்னைத் தள்ளிவிடறீங்க."

"நானும்தானே கூட வர்றேன்? தியானம் பண்ணினா சரியாகிடும்னு இத்தனை நாள் இருந்துட்டேன். அது என் தப்பு."

மருத்துவர் வெகுநேரம் விசாரித்தார். பிறகு சொன்னார்.

"இதை ஆளுமைக் கோளாறுன்னு சொல்வோம். விட்டுட்டுப் போயிடுவாங்கங்கிற பயம் குணத்தோடயே சேர்ந்து வளர்ந்துடும். இதையே தீர்க்கிற மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தேவைப்பட்டா கொஞ்ச நாள் தரலாம். முக்கியமானது பேச்சு சிகிச்சை. வாராவாரம் எங்க உளவியலாளரைப் பாருங்க. ஒரு வருஷமாவது ஆகும். இதிலேர்ந்து தேறினவங்க நிறைய பேர் இருக்காங்க."

திரும்பும்போது பஸ்ஸில் தமயந்தி மெதுவாகக் கேட்டாள்.

"என் குணமே நோய்னா, அது போனப்புறம் மிச்சம் இருக்கப்போறது யாரு?"

"தெரியலை" என்றார் மெய்யம்மை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பேச்சு சிகிச்சை தொடங்கி ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை தமயந்தி முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"அந்த உளவியலாளர் மேடம் இன்னிக்கு லீவு. குழந்தைக்குக் காய்ச்சலாம். அங்கே போனப்புறம்தான் சொன்னாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"இவங்களும் என்னை விட்டுட்டாங்கன்னு தோணிச்சு. ஃபோன் பண்ணிக் கண்டபடி திட்டணும்போல இருந்தது. அவங்க சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சை எண்ணிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம்."

"பயம் போச்சா?"

"இல்லை. அது பாட்டுக்கு இருந்தது. நான் எழுந்து வந்துட்டேன்."

மெய்யம்மை அவளையே பார்த்தார்.

"அடுத்த செவ்வாய்?"

"பத்தரைக்கு" என்றாள் தமயந்தி.