வேடுவநாதரோடு கம்பு விளையாடியவர்

கடலோரத்து வன்னிக்குறிச்சியில் சுண்ணாம்புக் காளவாசல் வைத்துப் பிழைத்தவர் திருமேனியார். அலை ஒதுக்கிய சிப்பிகளைப் பொறுக்கி வருவார். கரியோடு அடுக்கிச் சுடுவார். வெந்ததை நீர் தெளித்து நீற்றி வெள்ளைச் சுண்ணாம்பாக்கி, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பார். பெயர்தான் திருமேனி, மேனியோ முருங்கைக் கொம்பு. பலமாகக் காற்றடித்தால் மனிதர் இருக்கிறாரா என்று அவர் மனைவி உலகம்மை வாசலுக்கு வந்து பார்த்துக்கொள்வார் என்று ஊரார் சொல்லிச் சிரிப்பார்கள். புகையும் தூளும் தின்ற நெஞ்சு. இருமல் வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவிலேயே குந்திவிடுவார். நாய் குரைத்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவார். அவ்வளவு பயந்தவர்.

அந்தப் பயந்தவர்தாம் காளவாசலில் தீ மூட்டுமுன் தினமும் ஊர்ச் சிவனான வேடுவநாதர் கோயிலுக்குப் போவார். பூ வாங்க வகையில்லை, பாடக் குரலில்லை. ஒரு மூங்கில் கம்பைத்தான் எடுத்துப் போவார். வெளிப்பிராகாரத்து வன்னி மரத்தடியில் சந்நிதியைப் பார்த்து நின்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு எதிரே யாரோ நிற்பதுபோல் கம்பு சுற்றுவார். உலகம்மை ஒரு பக்கம் சருகு கூட்டிக்கொண்டிருப்பார். இதுதான் அவர்கள் வீட்டுப் பூசை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு திருவிழாவில் கதை சொல்ல வந்தவர், சிவபெருமான் வேடனாக வந்து அருச்சுனனோடு சண்டையிட்ட கதையைச் சொன்னார். வில்லால் அடிபட்டும் கோபிக்காமல் ஐயன் பாசுபதம் கொடுத்ததைக் கேட்டுக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. திருமேனியாருக்கு மட்டும் பொறாமை பொங்கியது. அத்திரம் யாருக்கு வேண்டும்? அந்தக் கையோடு கைபட்டு ஆடக் கிடைத்ததே, அதுவல்லவா பேறு! வீடு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். ஒரே ஒரு தடவை தம்மோடும் வந்து ஆட வேண்டும் என்று அன்றே வேடுவநாதரிடம் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? ஐயன் வரும் நாளில் இருமிக்கொண்டு குந்தியிருந்தால் என்ன மரியாதை?

ஊரில் சிலம்பக்கூடம் ஒன்று இருந்தது. ஆசான் பூதலிங்கம் என்பவர் நடத்தினார். கை கால் வலுத்தவர், வாயும் வலுத்தவர். கற்றுக்கொடுக்கும்படி கேட்டதற்கு, கம்பைத் தூக்க முதலில் கம்பைவிடத் தடித்த ஆள் வேண்டும் என்று கூறி அனுப்பிவிட்டார். திருமேனியார் வருத்தப்படவில்லை. கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை அவருடையதுதானே! மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டே, உள்ளே மாணவர்கள் வைக்கும் காலடியைப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டார். அவ்வருஷம் அந்தச் சுவர் வேண்டியதற்கு மேலேயே வெளுத்தது.

தொடக்கத்தில் கம்பு அவரைத்தான் அடித்தது. முழங்காலிலும் முதுகிலும் பட்டு வீங்கிய இடங்களுக்கு உலகம்மை ஒத்தடம் கொடுத்தார். "சாமி வாரதுக்குள்ள உம்மையே நீரு அடிச்சு முடிச்சிருவீரு போல," என்பார். ஆனால் நாள் போகப் போக நெஞ்சு விரிந்தது. கால் வைக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பதும் வீசும்போது விடுவதும் பழகியதில் இருமல் மெல்ல விலகியது. கூடையை இறக்காமல் தெருமுனைவரை போகத் தொடங்கினார். கூன் நிமிர்ந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. நாய்கள் குரைத்தால் நின்று, அவற்றோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். சுண்ணாம்பில் மணல் கலந்திருக்கிறது என்று யாராவது வீண்பழி சொன்னால் முன்பெல்லாம் கை நடுங்கும். இப்போது நிதானமாகக் கேட்டுக்கொண்டு, கரைத்துக் காட்டிவிட்டு வந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காற்றோடு சண்டை போடுகிறார் என்றார்கள். அவருடைய ஒரு பழக்கம் அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. சிலம்பப் போட்டியில் கம்பின் நுனியில் மஞ்சளோ சாம்பலோ குழைத்துத் தடவுவார்கள்; எதிராளியின் நெற்றியில் பொட்டு வைத்தவர் வென்றவர். திருமேனியாரோ தம் கையால் நீற்றி, பல நாள் நீரில் ஊறவிட்டுக் காரம் ஆற்றிய சுண்ணாம்பைத் தடவிக்கொள்வார். தாம் உழைத்துச் செய்த பொருள் ஒன்று ஐயன் நெற்றியில் பட வேண்டுமாம். ஆளே இல்லாத நெற்றிக்குப் பொட்டு வைக்கிறார் என்று சிரித்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் செண்பகம் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் செய்த மறுநாள் விடியலில் அவர் கம்போடு வன்னி மரத்தடிக்கு வந்தார். கல்நெஞ்சக்காரர் என்று ஊர் பேசியது. அன்று அவர் ஆடியதை உலகம்மைதான் பார்த்தார். கண்ணீர் தாடையில் வழிய, கால் மட்டும் தன் இடம் தவறாமல் போய் வந்தது. முடித்தபின் மனைவியின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"நெஞ்ச அடைச்சுக்கிட்டு மூச்சே வரல உலகம்மா. கம்பெடுத்த பெறகுதான் வருது. நீயும் எம்பக்கத்துல நின்னு காலடி வையி. ரெண்டு பேரும் பிழைச்சுக் கெடக்கணும்லா."

அன்றிலிருந்து உலகம்மையும் துடைப்பத்தை வைத்துவிட்டு, கம்பில்லாமல் அவரோடு காலடி வைத்தார். துக்கம் போகவில்லை. அதைச் சுமக்கத் தெம்பு வந்தது.

பூதலிங்கத்தின் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. திருமேனியாரின் காலடி நம் காலடியைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்று ஆசானிடமே கேட்டுவிட்டார்கள். அவருக்குப் புகைந்தது. மார்கழித் திருவிழாவில் தம்மோடு களமிறங்கச் சொல்லிக் கூப்பிட்டார். திருமேனியார் கைகூப்பி, தம் முதல் ஆட்டம் இன்னொருவருக்குச் சொல்லி வைத்தது என்று மறுத்தார். அப்படியானால் அந்த ஆளாகவே வருகிறேன் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டார் பூதலிங்கம். அடித்துக் கீழே தள்ளி, இதுதான் உம் சாமி என்று காட்டிவிட்டால் கம்பையும் பக்தியையும் சேர்த்தே விட்டுவிடுவார் என்பது கணக்கு.

பனி இறங்கிய ஒரு விடியலில் பூதலிங்கம் வேடன்போல் முகமெல்லாம் கரி பூசி, கொண்டையில் மயிலிறகு செருகி, இடுப்பில் தோலைக் கட்டிக்கொண்டு வன்னி மரத்தடியில் வந்து நின்றார். மாணவர்கள் மதிலோரம் பதுங்கியிருந்தார்கள். கருவறைக் கதவு இன்னும் திறக்கவில்லை.

திருமேனியார் பார்த்தார். "வந்துட்டீரா?" என்றார், அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. மகளைப் பற்றியும் கேட்கவில்லை. மண்ணைத் தொட்டு வணங்கி, நுனியில் சுண்ணாம்பு தடவிய கம்பை எடுத்தார்.

பூதலிங்கத்தின் முதல் வீச்சு எலும்பை முறிக்க வந்தது. அது பட வேண்டிய இடத்தில் திருமேனியார் இல்லை. இரண்டாவதும் காற்றில் போனது. கோபத்தோடு ஆடியவருக்கு மூச்சு வாங்கியது. அன்போடு ஆடியவர் மூச்சு தூங்கும் குழந்தையின் மூச்சைப்போல் ஒரே சீராக இருந்தது. எதிராளியின் ஒவ்வொரு வீச்சையும் பரிசு வாங்குவதுபோல் கம்பில் வாங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்க நீர். ஒரு கணம் எதிரே வழி திறந்தது. கம்பின் நுனி கரி பூசிய நெற்றியில் பூப்போல் பட்டுத் திரும்பியது. மதிலோரம் இருந்த அத்தனை பேரும் அதைக் கண்ணால் கண்டார்கள்.

தோற்ற ஆத்திரத்தில் பூதலிங்கம் மயிலிறகைப் பிடுங்கி எறிந்தார். "நல்லாப் பாரும் வே. சாமியுமில்ல பூதமுமில்ல, நாந்தான். என்கிட்டயா நீரு இவ்வளவு நேரம் உருகுனது?"

திருமேனியாரின் கையில் பல வருஷங்களாக இல்லாத நடுக்கம் வந்தது. உலகம்மை பதறி அருகே வந்தார். அவர் கண்ணை மூடி, ஆட்டத்தில் இழுப்பதுபோல் மூச்சை ஆழ இழுத்து விட்டார். நடுக்கம் நின்றது.

"வேசம் ஒம்மளுது அய்யா," என்றார் அமைதியாக. "ஆட வந்தது அவருதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஒரு மாணவன் பூதலிங்கத்தின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் பூசிய கரி அப்படியே இருந்தது. அந்தக் கறுப்பில் வெள்ளைச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லை. பூதலிங்கம் கையால் தடவிப் பார்த்தார். விரலில் கரிதான் ஒட்டியது.

அப்போதுதான் கருவறைக் கதவைத் திறந்த பட்டர் பதற்றத்தோடு வெளியே ஓடிவந்தார். "யாரு உள்ளே வந்தது? நேத்து நானே பூட்டின கதவு. சுவாமி நெத்தியிலே சுண்ணாம்புப் பொட்டு இருக்கே, இன்னும் ஈரம்கூடக் காயலையே," என்றார்.

பூதலிங்கம் நின்ற இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். திருமேனியார் அதைப் பார்க்கவேயில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சந்நிதிக்கு ஓடினார். தீப ஒளியில் ஐயன் நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு தெரிந்தது. காலமெல்லாம் கேட்ட வரம் கைகூடியவர் ஆனந்தக் கூத்தாடியிருக்க வேண்டும். அவரோ பிள்ளையை அடித்துவிட்ட தாயைப்போல் கலங்கி நின்றார்.

"வலிச்சுதா சாமி?" என்று கேட்டார். "மெதுவாத்தான் தொட்டேன்."

பின்னால் வந்து நின்ற உலகம்மை, தம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

ஆண்டவனைத் தொழக் கை போதும் என்று நாம் இருக்க, அவனோடு விளையாட உடம்பைத் திருத்தி, மூச்சைத் திருத்தி, மனத்தையும் திருத்தி வைத்துக் காத்திருந்த சுண்ணாம்புக்காரத் திருமேனியார் தாளை வணங்குவோம். அடிக்கக் கற்ற கையால் அன்பு செய்தவர் அவர்.