கோவணம் தூக்கிய பருந்து எது?

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலையில் என் மீசையைக் காக்காய் கொத்திக்கொண்டு போகட்டும்.

ஆற்றங்கரைக் குடிலில் வேலப்ப சாமி என்றொரு குரு இருந்தார். வானத்தில் கடுகாகத் தெரியும் பருந்தைக்கூட இன்னதென்று சொல்லிவிடுவார். அந்த வித்தையைக் கற்க வந்து சேர்ந்தான் அம்பலவாணன். குருவைவிட நாலு வயது மூத்த சீடன்.

ஒருநாள் சாமி ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார். சீடன் கரையில் அண்ணாந்து நின்று, தோள்துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"சாமி, கரும்பருந்தும் பழுப்பு, செம்பருந்தோட இளசும் பழுப்பு. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?"

"வாலைப் பாரு. கரும்பருந்துக்கு நுனி பிளந்திருக்கும். செம்பருந்துக்கு உருண்டை."

"வாலை விரிச்சா பிளவு தெரியலையே?"

"மடக்குற வரைக்கும் பாரு."

அப்போது ஒரு பருந்து சரிந்து இறங்கியது. பாறையில் காய்ந்த சாமியின் கோவணத்தைக் காலால் பற்றிக்கொண்டு மேலேறியது. சீடன் விரட்டவில்லை. வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்!"

"சத்தம் போடாதீங்க சாமி. இன்னும் மடக்கலை!"

பருந்து மறைந்தது. தூரத்தில் மேளம் கேட்டது. கரகம் ஜோடிக்க ஊரே ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தது. சாமி கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்தார்.

"கரும்பருந்தோட கூடு இந்த ஆலமரத்துல. செம்பருந்துன்னா அக்கரைத் தென்னை," என்று சீடன் பரபரத்தான். "முதல்ல ஆலமரத்தைப் பார்த்துடறேன்."

சாமி தண்ணீரிலிருந்து கையை நீட்டி அவன் தோளைக் காட்டினார்.

"அம்பலவாணா, கொஞ்சம் நில்லு..."

"தெரியும் சாமி, வால்தானே!"

துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு ஏறினான். லேசுப்பட்ட மரமா அது! பாதி ஏறியபோது காலுக்குக் கீழே ஒரு மேகம் போனது. கூட்டில் ஊர் தொலைத்த துணியெல்லாம் கிடந்தது. சிவப்பு ரிப்பன், ஒற்றைச் சாக்ஸ், பஞ்சாயத்துத் தலைவரின் கைக்குட்டை. எல்லாவற்றுக்கும் மேலே சாமியின் கோவணம். தாய்ப்பருந்து அவன் முண்டாசில் ரெண்டு கொத்து கொத்திவிட்டுத் திரும்பியது. மூக்குக்கு நேரே வால். நுனி பிளந்திருந்தது!

சிரித்துக்கொண்டே இறங்கி ஓடிவந்தான்.

"கரும்பருந்துதான் சாமி! சந்தேகமே இல்லை!"

"கோவணம்?"

"அதுமேல குஞ்சு தூங்குது. எடுக்க மனசு வரலை."

மேளம் ஆற்றுத் திருப்பத்துக்கே வந்துவிட்டது. சாமி சிரித்த சிரிப்பில் தண்ணீர் கரையேறி அவன் காலை நனைத்தது.

"பருந்தைக் கண்டுபிடிச்சிட்டே. தலையில இருக்கிற துண்டை எப்போ கண்டுபிடிக்கப் போறே?"

இந்தக் கதையைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ரெண்டு கொத்து ஓட்டையோடு அந்தத் துண்டு இன்னும் என் தோளில்தான் கிடக்கிறது.