மடத்து வெங்காயம்

"இந்த வெங்காய விலையை ஏற்றுகிறவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும் அம்மா" என்று ஆரம்பித்தார் மருதவாணன்.

மலையடிவாரத்து மடத்தில் சமையல் பொறுப்பு அவருடையது. வயது அறுபத்திரண்டு. அவர் அம்மா என்று அழைக்கும் குரு நாச்சியம்மைக்கு நாற்பதுதான். காட்டு வேலைக்குப் போகும் கூலிப் பெண்கள் எழுபது பேருக்கு அந்த மடத்தில்தான் மதியச் சாப்பாடு.

"கிலோ நூற்றிருபது. இப்படியே போனால் சாப்பாட்டை நிறுத்த வேண்டியதுதான்."

அம்மா கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மனுஷன் ஒரு வாரமாக அலைந்திருந்தார். கடைக்காரனைக் கேட்டால் மண்டியைக் கை காட்டினான். மண்டிக்காரர் விவசாயியைக் காட்டினார். விவசாயியோ, மழையில் பாதி அழுகிப்போன கதையைச் சொல்லி, உரம் விற்கிற விலை தெரியுமா, அரிசி விற்கிற விலை தெரியுமா என்று இவரையே பிடித்துக்கொண்டார். நான்தான் ஏற்றினேன் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே. தலைவலிதான் மிச்சம்.

"நம்மிடம் இருப்பு உண்டா?" என்றார் அம்மா.

மருதவாணன் தொண்டையைச் செருமினார்.

விலை ஏறப்போகிறது என்று காதில் விழுந்ததுமே, போன மாதம் பன்னிரண்டு மூட்டை வாங்கித் தியான மண்டபத்தில் அடுக்கியிருந்தார். அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார இப்போதுதான் உண்மையான காரணம் இருந்தது.

"அது அவசரத்துக்கு அம்மா. அதில் கை வைக்கக் கூடாது."

"ஒரு மூட்டையைச் சந்தையில் விற்றுவிட்டு வாருங்கள். வியாபாரிகளோடு உட்கார்ந்தால் ஏற்றுகிறவன் யாரென்று தெரிந்துவிடும்."

"என்ன விலைக்கு?"

"உங்களுக்குத் தோன்றுகிற விலைக்கு."

மறுநாள் காலையில் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வெங்காயக்காரர்கள் வரிசையில் முதல் இடத்தை மரியாதையாக விட்டுக்கொடுத்தார்கள். மடத்துக் கை ராசியான கை. அவர் முதல் விலை சொல்லிப் போணி பண்ணட்டும் என்று அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். அது இவருக்குத் தெரியாது.

முதலில் வந்தவள் செங்கமலம். மடத்தில் தினமும் சாப்பிடுகிறவர்களில் ஒருத்தி.

"கிலோ என்ன வெலை சாமி?"

அவர் வாங்கியது எழுபதுக்கு. நேற்றைய விலை நூற்றிருபது. ஆனால் நாளைக்கு இன்னும் ஏறிவிட்டால்? விற்றதைத் திரும்ப வாங்க வேண்டுமே? வழியெல்லாம் இதே யோசனை.

"நூற்று முப்பது" என்றார்.

"நேத்து நூத்தி இருவதுதானே?"

"லாரி வாடகை ஏறிப்போச்சும்மா."

செங்கமலம் அவருடைய சைக்கிளைப் பார்த்தாள்.

பக்கத்துக் கடைக்காரர் சிலேட்டில் இருந்ததை அழித்துவிட்டு நூற்று முப்பது என்று எழுதினார். அடுத்தவரும் எழுதினார். வரிசையின் கடைசி வரைக்கும் சாக்பீஸ் சத்தம் கேட்டது.

மருதவாணன் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

செங்கமலம் வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பரவால்ல சாமி. வீட்ல இனி ஆக்க முடியாது. நாளையிலேருந்து புள்ளைங்க மூணையும் மடத்துக்கே கூட்டியாந்துர்றேன்."