அதே மடிப்பு, அதே முடிச்சு

“இதுவும் ஏமாத்திருச்சு மேடம்.”

ஆவுடைச்செல்வி செல் வளர்க்கும் இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் சபுரா மேடத்தின் மேசைமேல் வைத்தாள்.

செல்களை வளரச் சொல்கிற புரதம் ஒன்று உண்டு. அதைப் போலவே ஒரு துண்டு, வேறொரு பெரிய புரதத்தின் நடுவில் ஒளிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தவள் இவள்தான். அதே மடிப்பு, அதே மூன்று முடிச்சு. அச்சு அசல். அது பட்டதும் செல்கள் மளமளவென்று பெருகும் என்று மலைபோல நம்பியிருந்தாள். எங்கே! ஒன்றுகூடக் கூடவில்லை.

“பார்க்க அதே மாதிரி இருந்தா ஆச்சா மேடம்?”

மேடம் நிமிர்ந்தார். “தட்டைப் பத்தித்தான் கேக்கியா?”

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். அக்கா போய் இரண்டு வருஷம். அக்கா பெண் தனுஜாவுக்காகத்தான் அத்தானைக் கட்டிக்கொண்டாள்.

“என் முகம் அப்படியே அக்கா முகம். பிள்ளை என்னிக்காவது அம்மான்னு கூப்பிடும்னு இருக்கேன். இன்னிக்கும் சித்திதான். ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும் மேடம். ஏங்கியே செத்துருவேன் போல.”

மேடம் அழுத்தமான ஆள். ஆறுதல் எல்லாம் அவர் வாயில் வராது.

“இன்னிக்கு ஏன் லேட்டு?”

அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆவுடைச்செல்விக்கு ஆத்திரமாக வந்தது.

“தினம் நடக்கிறதுதான். பள்ளிக்கூட வாசல்ல கையை விடமாட்டேங்கா. விரல் விரலாப் பிரிச்சு எடுத்துட்டு வரணும்.”

“சரி. தட்டைக் கழுவு.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும். கழுவிட்டுப் பாரு.”

முதல் தட்டு, துண்டு சேர்க்காதது. உப்புக் கரைசலை ஊற்றிச் சாய்த்தாள். செல்கள் அத்தனையும் கரைசலோடு போய்விட்டன. மைக்ராஸ்கோப்பில் வெறும் தட்டுதான் தெரிந்தது.

அடுத்தது, துண்டு சேர்த்தது. ஊற்றினாள், சாய்த்தாள். இருந்த எரிச்சலில் இன்னும் வேகமாக ஊற்றினாள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை. ஒன்றுகூட நகரவில்லை. எல்லாம் கால் பரப்பி, தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

“வளரலைதான் மேடம். ஆனா விடமாட்டேங்கு.”

“யாரு?” என்றார் மேடம்.

ஆவுடைச்செல்வி தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில், காலையில் பதிந்த நகத்தடம் இன்னும் சிவந்திருந்தது.