ஏர் இறங்கிய பின் கேட்ட நெல்

குளத்தங்கரை வயலில் செங்கமலம் என்ற பெண் எலியும் துரைக்கண்ணு என்ற ஆண் எலியும் ஒரே வளையில் குடித்தனம் நடத்தினர். அறுவடை முடிந்ததும் துரைக்கண்ணுவுக்கு மேட்டு வரப்பில் பெரிய வளை தோண்ட ஆசை வந்தது. தோண்டுகிற எலிகளுக்குக் கூலி கொடுக்க அவனிடம் நெல் இல்லை. செங்கமலம் தன் சேமிப்புக் கதிர்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

"கடனாத்தான் வாங்கறேன், கமலம்!" என்றான் அவன்.

வளை முடிந்தது. அதில் அவன் மட்டும் குடியேறினான். செங்கமலம் பழைய வளையில் குட்டிகள் போட்டாள்.

அந்த வயலில் ஒரு சட்டம் உண்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்பவர், ஏர் இறங்குவதற்குள் குளத்து ஆமையாரிடம் முறையிட வேண்டும். அதற்குப் பிறகு வழக்கு செல்லாது. ஏர் இறங்கினால் வளைகள் கலைந்துவிடும். சாட்சிகளைப் பாம்பு தின்றுவிடும். விசாரிக்கச் சாட்சி யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

செங்கமலம் தயங்கித் தயங்கி மேட்டு வரப்புக்குப் போனாள்.

"உன் நெல்லை நான் இல்லைன்னு சொன்னேனா? வெயில் தணியட்டும்!" என்றான் துரைக்கண்ணு.

வெயில் தணிந்ததும் போனாள்.

"பிரிஞ்சாலும் நாம அந்நியமா? மழை வரட்டும், நானே கொண்டாந்து தரேன்!" என்றான்.

பக்கத்து வளை நண்டுக்குப் பொறுக்கவில்லை. "ஆமையார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேண்டி!"

"அவர்தான் ஒத்துக்கறாரே, அக்கா! கூட வாழ்ந்தவர்மேல வழக்குப் போட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"நாலு பேரா உன் குட்டிக்குச் சோறு போடப்போறாங்க?"

செங்கமலம் ஆமையாரிடம் போகவில்லை. மழை வந்தது. ஏர் இறங்கியது. பழைய வளை கலைந்தது. பசித்த குட்டிகளை இழுத்துக்கொண்டு அவள் ஆமையாரிடம் ஓடினாள்.

ஆமையார் துரைக்கண்ணுவை அழைத்தார். "நெல் வாங்கினாயா?"

"வாங்கினேன், ஐயா! நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏர் இறங்கிடுச்சே!"

ஆமையார் வயலைப் பார்த்தார். "இறங்கிவிட்டது. வழக்கு செல்லாது."

"நான் வெட்கப்பட்டு உங்ககிட்ட வராம இருந்த நாளைக் கழிச்சுக்கக் கூடாதா, ஐயா?" என்றாள் செங்கமலம்.

"அதற்கு வழி இல்லை, அம்மா. நீ வெட்கப்படுகிறாய் என்று மாடுகள் நிற்கவில்லை" என்றார் ஆமையார். பிறகு தண்ணீருக்குள் போய்விட்டார்.

குளத்தங்கரையில் கூடிய எலிக்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு பெருந்தன்மையோடு தொண்டையைக் கனைத்தான். "குட்டிங்க பட்டினி கிடக்க வேண்டாம். ரெண்டு கதிர் கடனாத் தரேன், வாங்கிக்க!"

செங்கமலம் வாங்கிக்கொண்டாள். குட்டிகள் அன்று சாப்பிட்டுத் தூங்கின.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் துரைக்கண்ணு அவள் முன்னால் வந்து நின்றான்.

"என்ன?" என்றாள் செங்கமலம்.

"அந்த ரெண்டு கதிரு!" என்றான் அவன்.

பிரிந்து போனவரிடம் கொடுத்ததைக் கேட்க நாம் கூச்சப்படலாம். ஆனால் கெடு நமக்காகக் கூச்சப்பட்டு நிற்காது.