அடிப்பிடிச்சான்னு பேரு வந்த கதை

ஒரு ஊர்ல ஒச்சாயி ஒச்சாயின்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். ஊரு பேரு கொழிஞ்சிப்பட்டி. அறுபது வீடு, ஒரு கிணறு, ஒரு சோசியர். ஒச்சாயிக்குப் புருசன் ஒருத்தன் இருந்தான். காட்டுக்குப் போனா வீட்டுக்கு வரமாட்டான், வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கமாட்டான். அதனால அவனை அவன் பாட்டுக்கு விட்டுட்டு நாம கதையைப் பாப்போம்.

சோசியர் பேரு நவரத்ன பூபதி. பேரே இப்படின்னா ஆளு எப்படி இருப்பாருன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஊர்ல எந்தப் புள்ளை பொறந்தாலும் அவருதான் பேரு வைக்கணும், வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேரு எம்புட்டுப் பெருசோ அம்புட்டுப் பெருசா ஒரு சேவல் கொடுக்கணும். சின்னப் பேருக்குச் சின்னச் சேவல், பெரிய பேருக்குக் கொண்டை தொங்குற சேவல்.

ஒச்சாயிக்கு மொதப் புள்ளை பொறந்துச்சு. சோசியர் வந்தாரு, சேவலைத் தூக்கிப் பாத்தாரு, "ராஜகம்பீரன்"னு பேரு வச்சாரு. அங்க எமலோகத்துல என்ன பழக்கம்னா, எமனோட ஆளு கிங்கரன் ஒரு உசுரைக் கொண்டு போனா வாசல்ல ஒருத்தன் தம்பட்டம் அடிச்சு அந்தப் பேரைச் சொல்லுவான். பேரு கம்பீரமா இருந்தா சபையே எந்திரிச்சு நின்னு கிங்கரனைப் பாக்கும். அதனால அந்தக் கிங்கரனுக்குப் பெரிய பேருன்னா நாக்குல எச்சி ஊறும். ராஜகம்பீரன்னு காதுல விழுந்துச்சோ இல்லையோ, எருமையை ஓட்டிக்கிட்டு வந்தான், தூக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது புள்ளைக்கு "புவனமுழுதுடையான்"னு பேரு. அதையும் தூக்கிட்டுப் போயிட்டான். மூணாவது புள்ளைக்கு "அட்டதிக்கு விசயாதித்தன்"னு பேரு. அதையும் தூக்கிட்டுப் போயிட்டான். மூணு சேவலும் போச்சு, மூணு புள்ளையும் போச்சு. ஒச்சாயி அழுத அழுகைக்குக் கிணத்துத் தண்ணியே உப்புக் கரிச்சுச்சாம். பாவந்தானே? பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் நாலாவதா ஒரு ஆம்பளைப் புள்ளை பொறந்தான். பொறந்த நேரம் பாத்து அடுப்புல கேப்பைக்கூழைக் கிண்ட ஆளில்ல. கூழு அடிப்பிடிச்சு வீடெல்லாம் தீய்ஞ்ச நாத்தம். மருத்துவச்சி சட்டியோட தூக்கி வாசல்ல வச்சா. தெருநாய் ஒண்ணு ஓடி வந்துச்சு, மோந்து பாத்துச்சு, மூஞ்சியைச் சுளிச்சுச்சு, திரும்பிப் பாக்காம போயிருச்சு. ஒச்சாயி படுத்தபடியே அதைப் பாத்தா. நாயே வேண்டாம்னு போகுதே, எமன் மட்டும் எதுக்கு எடுக்கப் போறான்னு தோணுச்சு.

"புள்ளைக்கு என்ன பேரு வைக்கிறது, சோசியரைக் கூப்பிடவா?"ன்னு கேட்டா மருத்துவச்சி.

"சோசியரும் வேணாம், சேவலும் வேணாம். என் புள்ளை பேரு அடிப்பிடிச்சான்."

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க! மருத்துவச்சியும் இப்படித்தான் சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சுப் புள்ளையைக் கீழ போடப் பாத்தா.

ஒம்பதாம் நாள் கிங்கரன் எருமை மேல ஏறி வந்துட்டான். மீசையை முறுக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, "ஏம்மா, இந்த வீட்டுல புதுசா ஒரு மகராசன் பொறந்திருக்கானாமே, பேரு என்ன?"ன்னு கேட்டான்.

ஒச்சாயிக்குப் பயம்தான். ஆனா மூஞ்சியில காட்டலையே! "மகராசனா? அட நீங்க ஒண்ணு! இது அடிப்பிடிச்சான். ராத்திரி பகலா கத்துது, பாயெல்லாம் நனைக்குது, எங்களுக்கே பாரம். கொண்டு போறதா இருந்தா கொண்டு போங்க சாமி, பாயையும் சேத்துக் கொண்டு போங்க"ன்னா.

கிங்கரன் யோசிச்சான். எமசபையில தம்பட்டம் அடிச்சு, "இதோ வருகிறார் அடிப்பிடிச்சான்!"னு சொன்னா எப்படி இருக்கும்? சித்திரகுப்தன் எழுத்தாணியைக் கீழ போட்டுட்டுச் சிரிப்பாரே! "எனக்கு வேண்டாம்மா, நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு எருமையைத் திருப்பிட்டான். அவன் தலை மறைஞ்சதும் ஒச்சாயி கதவைச் சாத்துனா, புள்ளையை வாரி எடுத்தா, கொஞ்சுனா கொஞ்சுனா அப்படிக் கொஞ்சுனா.

இந்தச் சேதி கிணத்தடிக்குப் போச்சு. கிணத்தடிக்குப் போன சேதி நிக்குமா? அடுத்த வாரம் மேலத்தெருவுல ஒரு புள்ளைக்கு அடிப்பிடிச்சான். அதுக்கடுத்த வாரம் கீழத்தெருவுல ரெட்டைப் புள்ளைக்குப் பெரிய அடிப்பிடிச்சான், சின்ன அடிப்பிடிச்சான். ஏற்கெனவே பேரு வச்ச பயலுகளுக்கும் பழைய பேரை எடுத்துட்டு இந்தப் பேரை வச்சாளுக. அஞ்சு வருசத்துல ஊருக்குள்ள அறுபது அடிப்பிடிச்சான். சாயங்காலம் ஒருத்தி வாசல்ல நின்னு, "ஏ அடிப்பிடிச்சான், கஞ்சி குடிக்க வாடா"ன்னா அறுபது பயலும் கிண்ணத்தோட வந்து நிப்பானுக. அரண்மனையில மகாராணிகூட பெத்த புள்ளைக்கு இந்தப் பேரைத்தான் வச்சாளாம். இளவரசர் அடிப்பிடிச்சான் வர்றாரு, பராக் பராக்!

எல்லாருக்கும் சந்தோசம். சோசியருக்கு மட்டும் வயித்தெரிச்சல். அஞ்சு வருசமா ஒரு சேவல் வரலையே! ரசத்தை ஊத்தி ஊத்திச் சாப்பிட்டு ஆளே பாதியாப் போயிட்டாரு. "எல்லாம் அந்த ஒச்சாயியால வந்த வினை. அவ புள்ளை போனாத்தான் இந்தப் பேரு ஒழியும்"னு கறுவிக்கிட்டே இருந்தாரு.

ஒருநாள் உச்சிவெயில்ல ஊர் எல்லையில கிங்கரன் எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னான். சோசியர் ஓடிப்போய்க் கும்புட்டாரு.

"கிங்கரரே, உங்களை ஒரு பொம்பளை ஏமாத்திப்புட்டாளே! பாரம், கொண்டு போங்கன்னு சொன்னாளே ஒச்சாயி, அந்தப் புள்ளைதான் அவளுக்கு உசுரு. கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்சுறா. ஊரே கைகொட்டிச் சிரிக்குது."

கிங்கரனுக்கு மீசை துடிச்சுச்சு. "என்னையா? காட்டுய்யா அந்தப் பயலை!"

"கையை நீட்டிக் காட்டுனா எனக்குப் பாவம் வரும். நான் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன், வர்றவனைப் பிடிச்சுக்கோங்க"ன்னாரு சோசியர். புத்தி எப்படி வேலை செய்யுது பாருங்க! இவரு கூப்பிடுறது ஒரு பேரு, வரப்போறது எத்தனை பேருன்னு கோவத்துல மறந்தே போச்சு.

கிணத்தடியில நின்னு, "அடிப்பிடிச்சான்! ஏலே அடிப்பிடிச்சான்!"னு கத்துனாரு. மேலத்தெருவுல இருந்து இருபது பேரு ஓடி வந்தானுக. கீழத்தெருவுல இருந்து இருபது பேரு ஓடி வந்தானுக. குளத்துல இருந்து ஈரக் கோவணத்தோட இருபது பேரு ஓடி வந்தானுக. "என்ன மாமா? என்ன மாமா? வெல்லம் தர்றீகளா மாமா?"

கிங்கரனுக்குத் தலை சுத்துது. சத்தம் கேட்டு ஊர்ப் பொம்பளைகளோட ஒச்சாயியும் ஓடி வந்தா, எருமையைப் பாத்தா, அப்படியே நின்னுட்டா. கூட்டத்துக்கு நடுவுல அவ புள்ளை மூக்கை நோண்டிக்கிட்டு நிக்கிறான். அவன் பக்கம் ஒரு பார்வை பாத்தாப் போதும், கிங்கரன் கண்டுபிடிச்சிருவான். பெத்தவ கண்ணு புள்ளை பக்கம் போகாம இருக்குமா? ஒச்சாயி வானத்தைப் பாத்தா, பூமியைப் பாத்தா, எருமை வாலைப் பாத்தா, புள்ளையை மட்டும் பாக்கலை.

கிங்கரன் வரிசையாக் கேட்டான். "உன் பேரு என்னடா?" "அடிப்பிடிச்சான்." "உன் பேரு?" "அடிப்பிடிச்சான்." "உன் பேரு?" "நானும் அடிப்பிடிச்சான்தான் மாமா, எருமை மேல ஏறட்டா?" கடைசியில ஒருத்தன் நின்னான். கொழுகொழுன்னு கன்னம், நெத்தியில மைப்பொட்டு, கழுத்துல வெள்ளிக்காசு. "ஆகா, இப்படிச் சீராட்டி வளத்திருக்காளே, இவன்தான்!"னு அலாக்காத் தூக்கிட்டான்.

அது யாருன்னு நினைக்கிறீங்க? சோசியர் பெத்த ஒரே மகன்! சோசியர் வச்ச பேரு திரிபுவனச் சக்கரவர்த்தி. சோசியர் பொண்டாட்டி செண்பகம் அந்தப் பேரு யார் காதுலயும் விழாம, அவருக்குத் தெரியாம அடிப்பிடிச்சான்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. எந்தத் தாய்க்குத்தான் பயம் இல்லை?

"அய்யய்யோ! அது அடிப்பிடிச்சான் இல்லை, என் மகன் திரிபுவனச் சக்கரவர்த்தி!"ன்னு சோசியர் அலறுனாரு.

கிங்கரன் கண்ணு ரெண்டும் தட்டு மாதிரி விரிஞ்சுச்சு. "என்னது, திரிபுவனச் சக்கரவர்த்தியா! சபையே எந்திரிச்சு நிக்குமே! வா ராசா போவோம்"னு புள்ளையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

சோசியர் தரையில உருண்டாரு. செண்பகம் தலையில அடிச்சுக்கிட்டா. ஒச்சாயி பாத்தா. அவளைக் காட்டிக் கொடுத்தவன் புள்ளைதான், போகட்டும்னு நின்னிருக்கலாம். ஆனா செண்பகம் அழுத அழுகை இவ மூணு தடவை அழுத அழுகை. அவளால நிக்க முடியலை. விறுவிறுன்னு முன்னாடி வந்தா.

"சக்கரவர்த்தியாவது மண்ணாவது! அந்தாளு சொல்றதைக் கேக்காதீங்க சாமி. இதுவும் அடிப்பிடிச்சதுதான். நேத்து எங்க வீட்டு மோர்ப்பானையைக் கவுத்துருச்சு. கொண்டு போங்க, ஆனா ஒத்தையில போனா அழும், இந்தாங்க மிச்சத்தையும் கொண்டு போங்க!"ன்னு ரெண்டு பயலைத் தூக்கி எருமை மேல போட்டா.

மத்த பொம்பளைகளுக்கு உடனே வெளங்கிருச்சு. "எங்க வீட்டதும் கொண்டு போங்க!" "எங்க வீட்டுல ரெண்டு இருக்கு!" "தயவு பண்ணிக் கொண்டு போங்க சாமி!" அறுபது பயலும் எருமை மேல ஏறிட்டானுக. ஒருத்தன் மீசையில தொங்குறான், ஒருத்தன் கிரீடத்தைக் கழட்டித் தண்ணி மொண்டு குடிக்கிறான், ஒருத்தன் பாசக்கயித்துல ஊஞ்சல் ஆடுறான். எருமை கதறுது, கிங்கரன் அதுக்கு மேல கதறுறான்.

"வேண்டாம் தாயிகளா! ஒண்ணும் வேண்டாம்! எமசபை தாங்காது!"ன்னு ஒவ்வொருத்தனையா உதறிக் கீழ இறக்கிவிட்டான். சக்கரவர்த்தியையும் இறக்கிவிட்டான். அப்புறம்தான் கோவம் சோசியர் மேல திரும்புச்சு. குடுமியைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்துனான்.

"வெறுங்கையோட போனா என் வேலை போயிரும். ஒரு நல்ல பேராவது வேணும். ஓய், உம்ம பேரு என்ன?"

நவரத்ன பூபதின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சோசியர் எருமையைப் பாத்தாரு, கயித்தைப் பாத்தாரு, ஒச்சாயியைப் பாத்தாரு.

"அடிப்பிடிச்சானுங்க"ன்னாரு.

"த்தூ! இந்த ஊர்லயே நல்ல பேரு இல்லை"ன்னு துப்பிட்டு எருமையை விரட்டுனான் கிங்கரன். இன்னிக்கு வரைக்கும் கொழிஞ்சிப்பட்டிப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. சோசியருக்கு அன்னிலேர்ந்து அதே பேரு நிலைச்சுப் போச்சு. வாண்டுகள் எல்லாம் "அடிப்பிடிச்சான் மாமா"ன்னு பின்னாடியே ஓடும், அவரும் வாயை மூடிக்கிட்டுப் போவாரு.

ஒச்சாயி அன்னிக்கு வாசல்ல நின்னு, "ஏலே அடிப்பிடிச்சான்!"னு ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டா. அறுபது குரல் "என்னம்மா"ன்னுச்சு. அந்த அறுபதுல ஒண்ணு அவ பெத்த புள்ளையோட குரல்.

பேரு எப்படி இருந்தா என்ன புள்ளைகளா, கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளு இருக்கணும். கதை ஊரைச் சுத்திட்டு வீட்டுக்குப் போயிருச்சு, கேட்டவங்க எல்லாம் நூறு வருசம் நல்லா இருங்க.