மன்னரின் குதிரைகள் நின்ற இடம்

நெல்வயல் நாட்டின் கோட்டை வாசலில், வழிமறித்த காவலனை ஒரு வண்டிக்காரன் சாட்டையால் விளாசிவிட்டான். காவல் தலைவர் வல்லாளர் சினந்து ஓர் ஆணையை எழுதினார். மன்னர் மாறவேள் முத்திரையிட்டார். காவலன் நிறுத்தினால், வண்டி ஓட்டுபவர் உடனே இரு கைகளையும் உயர்த்த வேண்டும். இருக்கையை விட்டு எழக் கூடாது. கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

மறுவாரமே வைக்கோல் வண்டிக்காரன் சடையாண்டி அவைக்கு இழுத்து வரப்பட்டான்.

"நிறுத்தியும் தப்பி ஓடினான், மகாராஜா. மாடுகளைப் பறிமுதல் செய்ய வேண்டும்," என்றார் வல்லாளர்.

"ஓடலை சாமி. சொன்னபடி கையைத் தூக்கினேன், கயிறு நழுவிடுச்சு. மாடுங்க வீட்டைப் பார்த்து நடந்துடுச்சு. ஒரு அதட்டல் போட்டா நின்னிருக்கும். வாயைத்தான் திறக்கக் கூடாதே. அதுங்க போனா என் வீட்டுல அடுப்பு எரியாது."

"நல்ல கதை," என்றார் வல்லாளர். "பழக்கிய மாடு அசையாது."

அமைச்சர் செங்கண்ணர் மெல்ல எழுந்தார். "சோதித்துவிடலாம், மகாராஜா. தங்களைவிடச் சிறந்த தேரோட்டி இந்நாட்டில் இல்லை. தங்கள் குதிரைகள் அசையாமல் நின்றால் இவன் பொய்யன். அரண்மனை வைத்தியரும் உடன் வரட்டும், எதற்கும் நல்லது."

மன்னருக்கு இனிப்பையே விலக்கி வைத்திருந்த வைத்தியர், காரணம் புரியாமல் கிளம்பினார்.

கோட்டை வாசலில், தேரோட்டி வந்த மன்னரைக் காவலன் வழிமறித்தான். மன்னர் பெருமிதத்துடன் இரு கைகளையும் உயர்த்தினார். கடிவாளம் நழுவியது. குதிரைகள் ஒரு கணம் யோசித்தன. பிறகு காவலனைச் சுற்றிக்கொண்டு, கடைத்தெருவுக்குள் திரும்பி, ஒரு பலகாரக் கடையின் முன் தாமாகவே நின்றன. அவையோர் எல்லோரும் பின்னால் ஓடி வந்தனர்.

கடைக்காரி வெளியே வந்தாள். "இன்னிக்கு வெளிச்சத்துலயே வந்துட்டீங்களா, மகாராஜா? எப்பவும்போல நெய் அதிரசம் ஒரு கூடைதானே?"

வைத்தியர் மன்னரைப் பார்த்தார். மன்னர், தூக்கிய கைகளை இறக்காமல், வானத்தைப் பார்த்தார். பின்னர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

"ஆணையைத் திருத்துங்கள். முதலில் வண்டி ஓரமாக நிற்கட்டும். கயிற்றைக் காவலன் வாங்கிக்கொள்ளட்டும். கைகள் அதன் பிறகு உயரட்டும். சடையாண்டி, உன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போ. அந்தக் கூடையையும் எடுத்துக்கொள்."

வல்லாளர் விடவில்லை. "காவலனை மீறிய குற்றத்துக்கு யாரை விசாரிப்பது, மகாராஜா?"

"குதிரைகளைத்தான்," என்றார் செங்கண்ணர். "அவைக்கு அழைத்து வரட்டுமா?"

"வேண்டாம், செங்கண்ணரே," என்றார் மன்னர். "குதிரைகள் இதுவரை சொன்னதே போதும்."